சிறு மோட்டாரின் வேகத்தை அடக்கியாளும் முறை

தறியில் அமர்ந்து நெய்பவர் ஒருவராயின், அவருக்குத் தார் சுற்றித் தருபவர் வேறொருவர். நம் நெசவாளர் இல்லங்களில் இவ்வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர் கையிலும் முதியோர் கையிலுமே இருந்து வருகிறது. ஒரு கை இராட்டையைச் சுழற்ற, மறு கை நூலைத் தாங்கிச் செல்லும். நாள் முழுவதும் இவ்வாறு சுழற்றுவோர்க்குத் தோளிலும் முதுகிலும் வலி உண்டாதல் இயல்பே. ஆதலின், இராட்டைக்குச் சிறு மோட்டார் ஒன்றைப் பொருத்திப் பாட்டரியால் இயக்க வேண்டும் என்னும் எண்ணம் பலருக்கும் எழுகிறது. ஜவ்வாது மலைமேல் சாமையும் கேழ்வரகும் விளைவிப்போரும் தூற்றும் விசிறிக்கும் மருந்து தெளிப்பானுக்கும் இத்தகைய மோட்டார்களையே நாடுகின்றனர்.

மோட்டார் கிடைப்பது எளிது, விலையும் மிகுதியன்று. அதன் வேகத்தை நம் வேலைக்கு ஏற்ப அடக்குவதே அரிது. மோட்டாரைப் பொருத்திய முதல் நாளிலேயே நூல் பத்து இடத்தில் அறுபடும். வேகத்தைக் குறைக்க ஏதேனும் ஒரு தடையைச் செருகினால், மோட்டார் ஒரு நேரம் நின்றுவிடும், மறுநேரம் பாய்ந்தோடும். “இது நமக்கு ஆகாது” என்று அக்கருவி பரண்மேல் ஏறிவிடும். முதியவர் கை மீண்டும் இராட்டையைச் சுழற்றத் தொடங்கும். குற்றம் மோட்டாருடையதன்று, வேகத்தைக் குறைத்த முறையினுடையது. அம்முறையைச் செவ்வனே அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. மோட்டார் தன் வேகத்தை எவ்வாறு அடைகிறது?

பாட்டரியால் ஓடுவது டி.சி. மோட்டார், அதாவது நேர்மின்னோட்ட மோட்டார். அதனுள் நிலைக்காந்தங்களின் நடுவே கம்பி சுற்றிய ஆர்மேச்சர் சுழல்கிறது. கார்பன் பிரஷ்கள் இரண்டு அதற்கு மின்சாரத்தை ஊட்டுகின்றன. இதுவரை பலரும் அறிந்ததே. ஆயின், சுழலும் மோட்டார் ஒரே சமயத்தில் டைனமோவாகவும் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காந்தத்தினிடையே சுழலும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும் அன்றோ? அவ்வாறு பிறக்கும் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கிறது. இதனை எதிர் மின்னியக்கு விசை என்பர். நாம் சுருக்கமாக எதிரழுத்தம் என்று கூறுவோம்.

வேகம் கூடக்கூட எதிரழுத்தமும் கூடும். பாட்டரி அழுத்தத்திலிருந்து எதிரழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவது எதுவோ, அதுவே ஆர்மேச்சரின் தடை வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அம்மின்னோட்டமே சுழற்றும் விசையைத் தருகிறது. சுமை மிகுந்தால் மோட்டார் சற்றே தளரும். தளர்ந்தவுடன் எதிரழுத்தம் குறையும். அதனால் மின்னோட்டம் கூடும். சுழற்றும் விசை பெருகிச் சுமையைத் தாங்கும். இங்ஙனம் மோட்டார் தன்னைத் தானே ஓரளவு திருத்திக்கொள்ளும் இயல்பு உடையது.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். 12 வோல்ட் மோட்டார் ஒன்று உள்ளது. அதன் ஆர்மேச்சர் தடை 1 ஓம். நிமிடத்திற்கு 1000 சுற்று ஓடும்போது அதில் 4 வோல்ட் எதிரழுத்தம் பிறக்கிறது என வைத்துக்கொள்வோம். சுமை 1 ஆம்பியர் மின்னோட்டத்தை வேண்டினால், 1 வோல்ட் ஆர்மேச்சர் தடையில் செலவாகும். மிகுதி 11 வோல்ட் எதிரழுத்தம். ஆகவே வேகம் 2750 சுற்று. சுமை இரட்டித்து 2 ஆம்பியர் ஆனால், எதிரழுத்தம் 10 வோல்ட். வேகம் 2500 சுற்று. சுமை இருமடங்கு ஆகியும் வேகம் பதினொன்றில் ஒரு பங்கே குறைந்தது என்பதைக் காண்க.

மோட்டாரைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டால் எதிரழுத்தம் இல்லை. 12 வோல்ட்டும் 1 ஓம் தடையில் பாய, 12 ஆம்பியர் ஓடும். நூல் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் சில நிமிடங்களில் தீய்ந்த நாற்றம் எழுவது இதனாலேயே.

2. தடை சேர்த்துக் குறைக்கும் முறையும் அதன் குற்றமும்

நம் இராட்டைக்கு 2750 சுற்று வேண்டா. 1000 சுற்றுப் போதும் என்போம். பாட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே ஒரு தடையைச் சேர்ப்பதே பலரும் முதலில் கையாளும் வழி. 1000 சுற்றுக்கு எதிரழுத்தம் 4 வோல்ட். எஞ்சிய 8 வோல்ட்டை 1 ஆம்பியரில் செலவழிக்க மொத்தத் தடை 8 ஓம் வேண்டும். ஆர்மேச்சரில் 1 ஓம் உள்ளது. வெளியே 7 ஓம் சேர்க்கிறோம். மோட்டார் சரியாக 1000 சுற்று ஓடுகிறது. நாமும் மகிழ்கிறோம்.

இப்போது நூல் சற்று இறுகிச் சுமை 1.5 ஆம்பியராக உயர்கிறது. 8 ஓம் தடையில் 1.5 ஆம்பியர் ஓட 12 வோல்ட் வேண்டும். எதிரழுத்தத்திற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. மோட்டார் நின்றுவிடுகிறது! இறுக்கம் தளர்ந்து சுமை 0.5 ஆம்பியராகக் குறையட்டும். தடையில் 4 வோல்ட். எதிரழுத்தம் 8 வோல்ட். வேகம் 2000 சுற்று. மோட்டார் பாய்கிறது, நூல் அறுகிறது. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் அரிய இயல்பை நாமே தடை சேர்த்துக் கெடுத்துவிட்டோம்.

இதற்குமேல் மின்சார விரயமும் உண்டு. பாட்டரியிலிருந்து எடுப்பது 12 வாட். அதில் 7 வாட், வெளியே சேர்த்த தடையைச் சூடாக்குவதிலேயே கழிகிறது. வானொலிப் பெட்டியின் ஒலிக்குமிழ் போன்ற சிறு மாறு தடையை இவ்வேலைக்கு வைத்தால் அது கருகிப்போவதும் இதனால்தான்.

3. துண்டு துண்டாக மின்சாரம் அளித்தல்

ஆயின் வேறு வழி யாது? மோட்டாருக்கு முழு அழுத்தத்தையே அளிக்க வேண்டும்; ஆனால் இடைவிடாமல் அளிக்கலாகாது. ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூட வேண்டும். திறந்திருக்கும் நேரம் பாதி, மூடியிருக்கும் நேரம் பாதியாயின், மோட்டாருக்குச் சராசரியாக 6 வோல்ட் கிடைக்கும். திறந்திருக்கும் பங்கைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். கடைகளில் பி.டபிள்யூ.எம். கட்டுப்பாட்டுப் பலகை என்று விற்பது இதுவே. இதில் உள்ள குமிழ் மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்குவதில்லை. திறந்திருக்கும் பங்கை மட்டுமே மாற்றுகிறது. ஆகையால் அது சூடேறுவதில்லை.

முன் கண்ட கணக்கையே இம்முறையில் செய்து பார்ப்போம். 1 ஆம்பியரில் 1000 சுற்று வேண்டுமாயின், சராசரி அழுத்தம் 5 வோல்ட் போதும். அதாவது நூற்றுக்கு 42 பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். சுமை 1.5 ஆம்பியராக உயர்ந்தால் எதிரழுத்தம் 3.5 வோல்ட்; வேகம் 875 சுற்று. சுமை 0.5 ஆம்பியராகக் குறைந்தால் எதிரழுத்தம் 4.5 வோல்ட்; வேகம் 1125 சுற்று. தடை சேர்த்தபோது நின்றும் பாய்ந்தும் தொல்லை தந்த அதே மோட்டார், இங்கே எட்டில் ஒரு பங்கு ஏற்ற இறக்கத்தோடு அடங்கி ஓடுகிறது.

பாட்டரிக்கும் இலாபம் உண்டு. 12 வாட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 5 வாட்டே செலவாகும். 7 ஆம்பியர்-மணி பாட்டரி தடை முறையில் கணக்குப்படி 7 மணி நேரம் ஓடுமானால், இம்முறையில் 16 மணி வரை ஓடும். பாட்டரியை அடியோடு வற்றவிடலாகாது. ஆதலின் நடைமுறையில் இரண்டுமே குறையும். ஆயினும் இவற்றின் விகிதம் மாறாது. சூரியப் பலகையை நம்பிப் பாட்டரி ஏற்றும் மலைச் சிற்றூர்களுக்கு இது சிறிய நன்மையன்று.

மின்சாரத்தைத் திறந்து மூடும் வேலையைச் செய்வது மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர். அதற்குக் கட்டளையிட, 1972 இல் விற்பனைக்கு வந்த 555 என்னும் சிறு சில்லே போதும். இன்றும் பொழுதுபோக்காக மின்கருவி செய்வோர் அதனையே பெரிதும் கையாள்கின்றனர். இங்கு ஒன்றை மறவற்க. மோட்டாரின் கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென நிற்க மறுக்கும். வழியை மூடியவுடன் அது பெரும் அழுத்தமாய் எழுந்து மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். அதற்கு மாற்றுவழியாக மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டையோடு தலைகீழாக இணைக்கப்பட வேண்டும். மூடிய நேரத்திலும் மின்னோட்டம் அந்த டையோடு வழியே சுற்றிவந்து மோட்டாரைத் தொடர்ந்து இழுக்கும். துண்டு துண்டாக அளித்தும் மோட்டார் குலுங்காமல் ஓடுவதன் இரகசியம் இதுவே.

திறந்து மூடுதல் வினாடிக்குச் சில ஆயிரம் முறையாயின் மோட்டார் கீச்சென்று ஒலிக்கும். இருபதாயிரத்திற்கு மேல் சென்றால் அவ்வொலி மனிதர் காதுக்குக் கேளாது. மிக மெதுவாகத் திறந்து மூடினாலோ மோட்டார் துடித்துத் துடித்து ஓடும்.

4. கப்பியின் துணை

வேகத்தைக் குறைக்கும் பொறுப்பு முழுவதையும் மின்சாரத்தின்மேல் சுமத்துதல் தவறு. மோட்டாரின் சிறு கப்பிக்கும் இராட்டைக் கதிரின் பெரிய கப்பிக்கும் மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் அமைத்து வாரால் பூட்டினால், கதிரின் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். சுழற்றும் விசை மும்மடங்காகும். முன்பு 1 ஆம்பியர் வேண்டிய அதே சுமைக்கு இப்போது மூன்றில் ஒரு ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் மோட்டார் 2917 சுற்று ஓட, கதிர் 972 சுற்று ஓடும். சுமை ஒன்றரை மடங்கானாலும் கதிர் 958 சுற்று ஓடும். உராய்வை நாம் கணக்கில் சேர்க்கவில்லையெனினும், வேறுபாடு எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஆகையால் விதி இதுவாகும்: பெருங்குறைப்பைக் கப்பியால் செய்க, நுண்திருத்தத்தைக் குமிழால் செய்க.

5. மூன்று கருவிகள், மூன்று இயல்புகள்

எல்லாக் கருவிகளும் ஒரே வகையாகச் சுமை ஏற்றுவதில்லை. எனவே நம் உறுப்பினர்க்குப் பயன்படும் மூன்றைத் தனித்தனியே நோக்குவோம்.

தார் இராட்டை: வெறுங்குச்சியின் குறுக்களவு 10 மில்லிமீட்டர் எனின், 1000 சுற்றில் நிமிடத்திற்கு 31 மீட்டர் நூல் ஏறும். தார் பருத்து 20 மில்லிமீட்டரானால், அதே சுற்றில் 63 மீட்டர் ஏறும். மோட்டாரின் வேகம் மாறாவிடினும் நூலின் வேகம் இரட்டித்துவிடுகிறது. நுண்ணிய பட்டிழை தாரின் முடிவில் அறுபடுவதற்கு இது ஒரு காரணம். கையால் சுழற்றும் மூதாட்டி, தார் பருக்கும்போது தாமே கையைத் தளர்த்துகிறார். எவரும் அவருக்கு இதனைக் கற்பிக்கவில்லை. மோட்டாரை வைக்கும்போது அந்தக் கையின் அறிவை நாம் எடுத்தெறிந்துவிடக் கூடாது. ஆதலின் குமிழைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். கால் மிதியால் திருப்புமாறு அமைத்தல் இன்னும் நன்று. இரு கையும் நூலுக்கு உதவும்.

இராட்டைக்கு மோட்டார் வைத்தால் கைத்தறி விசைத்தறி ஆகிவிடுமோ என்று சிலர் அஞ்சக்கூடும். 1985 ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் தறி மின்விசையால் இயங்குகிறதா என்பதைக் கொண்டே பிரிக்கிறது. தார் சுற்றும் கருவி தறியன்று.

தூற்றும் விசிறி: சாமை மிகச் சிறிய மணி. காற்று மிகுந்தால் உமியோடு மணியும் பறக்கும். குறைந்தால் உமி மணியோடு தங்கும். எனவே வேகத்தை நுட்பமாக அமைத்தல் வேண்டும். விசிறியின் இயல்பு தனியானது. வேகம் இரட்டித்தால் அதற்கு வேண்டிய திறன் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்றாகும். வேகம் தணியும்போது சுமையும் பெரிதும் தணிவதால், விசிறி தடை முறையில்கூட ஓரளவு ஒழுங்காக ஓடும். ஆயினும் மின்சார விரயம் விரயமே.

தெளிப்பான்: முதுகில் சுமக்கும் பாட்டரித் தெளிப்பானில் சிறு பம்பு இருக்கிறது. பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு நீரைத் தள்ளும். வேகத்தைக் குறைத்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டிய விசை பெரிதும் குறைவதில்லை. ஆகவே குமிழை மிகக் கீழே வைத்து இயக்கினால் மோட்டார் சுழலாமல் முனகும், சூடேறும். முதலில் குமிழை உயர்த்தி ஓடச் செய்து, பின்னர் தணிப்பதே முறை.

6. காவலூர் காட்டும் பாடம்

இதுவரை கூறியவற்றால் வேகத்தைக் குறைக்கலாம். சுமை மாறினாலும் பெரிதும் மாறாமல் காக்கலாம். சிறிதும் மாறலாகாது எனின் என் செய்வது? இதற்கு விடை நம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது.

காவலூரில் 1968 இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வானாய்வு தொடங்கியது. 1972 இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986 இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே பணியேற்றன. அந்நிலையம் இன்று வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூமி 23 மணி 56 நிமிடம் 4 வினாடியில் ஒருமுறை தன்னைச் சுற்றுகிறது. விண்மீன் ஒன்றை நெடுநேரம் பார்க்க வேண்டுமாயின், தொலைநோக்கி அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் புள்ளியாய் விழ வேண்டிய விண்மீன் படத்தில் கோடாய் நீளும். காற்று அடிக்கும், குளிரில் எண்ணெய் தடிக்கும், எடை சாயும். சுமை எவ்வாறு மாறினும் வேகம் மாறலாகாது.

இத்தகைய வேலைக்கு மோட்டாரை ஏவிவிட்டு நம்பியிருத்தல் போதாது. அது உண்மையில் எவ்வளவு திரும்பியது என்பதை அளக்க வேண்டும். வேண்டிய அளவோடு ஒப்பிட வேண்டும். வேறுபாட்டுக்கு ஏற்ப மின்சாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அளத்தல், ஒப்பிடுதல், திருத்துதல் என்னும் இம்மூன்றும் சேர்ந்ததே உண்மையான வேகக் கட்டுப்பாடு. ஜேம்ஸ் வாட் 1788 இல் நீராவி எந்திரத்திற்கு வைத்த சுழல் குண்டுகளும், பழைய கிராமபோனின் உள்ளே சுழன்ற சிறு எடைகளும் செய்தது இதுவே. வேகம் மிகுந்தால் குண்டுகள் விரியும். விரிந்தால் விசை அடங்கும்.

நம் இராட்டையிலும் இதனைச் செய்யலாம். கதிரில் துளையிட்ட சிறு தட்டு ஒன்றைப் பூட்டி, ஒளியுணரி ஒன்றால் துளைகளை எண்ணச் செய்து, அவ்வெண்ணிக்கைக்கு ஏற்பத் திறந்திருக்கும் பங்கை மாற்றுமாறு ஒரு சிறு கணிப்பலகையைப் பழக்கலாம். சுமை 1.5 ஆம்பியரானபோது வேகம் 875 ஆகக் குறைந்தது அன்றோ? பலகை அதனைக் கண்டு சராசரி அழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து 5.5 வோல்ட்டுக்கு உயர்த்தினால் மீண்டும் 1000 சுற்று வந்துவிடும். ஆனால் தார் சுற்றுவோரின் கண்ணும் காலும் இதே வேலையைச் செய்யும் இடத்தில் இக்கருவி கட்டாயம் அன்று. ஒருவர் பல கதிர்களை ஒருங்கே கவனிக்க வேண்டிய இடத்தில்தான் இதன் அருமை புலப்படும்.

7. வாங்குமுன்னும் பொருத்துமுன்னும்

பழைய டேப் ரிகார்டரிலிருந்து எடுத்த மோட்டார் சிலவற்றில் வேகத்தை நிலைநிறுத்தும் சிறு சுற்று உள்ளேயே இருக்கும். அதற்கு அழுத்தத்தைக் குறைத்தாலும் வேகம் ஒழுங்காகக் குறையாது. பின்புறத் துளையில் சிறு திருப்புளியால் திருப்பும் திருத்தம் இருந்தால் அவ்வகை என்று அறிக. மூன்று கம்பி உடைய பிரஷ் இல்லாத மோட்டாருக்கும், வீட்டு மின்சாரத்தில் ஓடும் மின்விசிறிக்கும் இங்கே கூறிய பலகை பொருந்தாது.

பலகையின் ஆம்பியர் அளவு, மோட்டார் நின்றுபோனால் இழுக்கும் மின்னோட்டத்திற்குக் குறையாதிருத்தல் நலம். பாட்டரியின் முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். முனை மாறி இணைத்தால் பலகை கணத்தில் கெடும். சூரியப் பலகையை மோட்டாருக்கு நேரே இணைத்தால் மேகத்திற்கேற்ப வேகம் மாறும். இடையில் பாட்டரி இருத்தல் வேண்டும். வாருக்கும் கப்பிக்கும் மூடி இடாமல் எக்காரணத்தாலும் இயக்கற்க. முந்தானையும் கூந்தலும் சிக்கினால் சிறு மோட்டாரும் பெருந்தீங்கு செய்யும்.

பயிற்சிக் கணக்கு

மேலே கண்ட அதே மோட்டார், 1 ஆம்பியர் சுமையில் 1750 சுற்று ஓட வேண்டும். (அ) துண்டு முறையில் சராசரி அழுத்தம் எவ்வளவு? (ஆ) தடை முறையில் வெளியே சேர்க்க வேண்டிய தடை எவ்வளவு? (இ) சுமை 2 ஆம்பியர் ஆனால் இரு முறையிலும் வேகம் என்ன?

விடை: (அ) 8 வோல்ட். (ஆ) 4 ஓம். (இ) துண்டு முறையில் 1500 சுற்று. தடை முறையில் 500 சுற்று.

இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்த உறுப்பினர், இனிக் கடையில் எவர் எதைக் கொடுத்தாலும் ஏமாற மாட்டார். மோட்டாரைப் பட்டினி போட்டு அடக்க முயன்றால் அது நின்றும் பாய்ந்தும் நம்மைத் துன்புறுத்தும். அளவறிந்து ஊட்டினால் சொன்னபடி கேட்கும். பரண்மேல் கிடக்கும் மோட்டார் இருப்பின், அதனை இறக்கித் துடைத்து, கப்பியும் வாரும் பூட்டி, தக்க பலகையோடு மீண்டும் இராட்டையில் வைத்துப் பாருங்கள். ஓர் இல்லத்து முதியவர் தோள் வலி தணியுமாயின், இப்பாடம் எழுதியதன் பயன் கைகூடியதாகும்.